ஏறாத அணியின் ரைட் பேக்

கெலிஓயாச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் மழைக்கு ஒதுங்க இரண்டு இடங்கள்தான் உண்டு. ஒன்று பஸ் தரிப்பிடம். அதன் கூரை ஒழுகும். மற்றது ஹாஷிமின் இரும்புக்கடை. அங்கே கூரை ஒழுகாது, ஆனால் ஹாஷிம் இருப்பார். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் ஒரு கந்தோரில் வேலை கிடைத்து, இங்கே வீடு கட்டிக் குடியேறியவன். பந்து உருண்டை என்பதற்கு மேல் காற்பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட என்னைப் பிடித்து வைத்து, 1993ஆம் ஆண்டின் றிவர்சைட் கழகத்தையும் இப்போதைய றிவர்சைட் கழகத்தையும் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுக் காட்டாமல் ஹாஷிம் ஒருநாளும் பஸ் ஏற விட்டதில்லை.

ஒப்பீடு எந்த வழியால் போனாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். அந்தக் காலத்து ஃபோர்வர்ட் இரவல் பூட்ஸோடு கோல் அடித்தான். இந்தக் காலத்துப் பையனுக்குக் காலில் மஞ்சள் பூட்ஸ், தலையில் ஜெல், கோல் மட்டும் இல்லை. அன்றைய அணி றொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு ஓடியது. இன்றைய அணி பயிற்றுநர் சொன்ன நேரத்தில் வாழைப்பழம் தின்றுவிட்டு நடக்கிறது. அன்று கீப்பருக்கு அடுத்த ஆளாக, வலப்பக்கத்தைக் காக்கிற ரைட் பேக்காக நின்ற ஹாஷிம், தன்னைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். மற்றப் பத்துப் பேரையும் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

அவ்வளவு பெரிய அணி ஏன் இரண்டாம் பிரிவிலிருந்து முதலாம் பிரிவுக்கு ஏறவில்லை என்று ஒருமுறை பொறுமை இழந்து கேட்டேன். ஹாஷிமுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலக் கதிரையை இழுத்துப் போட்டார்.

“நாங்க மாத்தளைக்காரங்கள்ட்ட தோக்கல்ல சேர். பாங்குக்குத் தோத்தோம். அதுல குறையில்ல.”

நடந்தது இதுதான். 1993இல் மாத்தளை அணியோடு கடைசிப் போட்டி நோன்பு மாதத்தில் வந்தது. சமநிலையில் முடித்தாலே முதலாம் பிரிவு. ஆனால் சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்ட அரசியல்வாதி, சிறப்பு விருந்தினர்களின் வழக்கப்படி வெகுநேரம் பிந்தி வந்தார். அவர் எல்லாருக்கும் கைகொடுத்து, பேசி, பந்தை ஒருமுறை உதைத்துவிட்டுப் போன பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருக்க, முடிவதற்குக் கொஞ்ச நேரமே இருக்க, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொன்னார்கள். நோன்பு திறக்கிற நேரத்தைத் தள்ளிப்போடுகிற பழக்கம் இந்த ஊரில் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்ற சனம் பேரீச்சம்பழத்தோடும் கஞ்சிக் கோப்பைகளோடும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது.

அந்த வேளையில் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்காமல் தான் மட்டும் குடிக்கிற பழக்கமும் இந்த ஊரில் இல்லை. நடுவர் கண்டியிலிருந்து வந்த சிங்கள மனிதர். அவர் கையிலும் ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். மறுத்தால் மனம் நோகும் என்று வாங்கிக்கொண்டார். ஒரு கையில் கஞ்சி, மறு கையில் விசில். சூடான கஞ்சியைக் குடிக்கிற வாயால் ஆட்டத்தை நிறுத்த விசில் ஊத முடியாது. எங்கள் கோல் கீப்பர் செல்லப்பா புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, நோன்பில்லாதவர். அவரைப் பார்க்க வைத்துவிட்டுக் குடிப்பதா என்று ஹாஷிமே தன் இடத்தை விட்டுப் போய் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். மாத்தளை அணியில் பசியில்லாத ஒருவன் இருந்தான். செல்லப்பா கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தியபோது பந்து வலைக்குள் கிடந்தது. நடுவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கோல் என்று விசில் ஊதினார்.

இதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான், கடை மூலையில் வழக்கமாக உட்கார்ந்து பால் விடாத பிளேன்டி குடிக்கிற அந்த மெலிந்த மனிதர்தான் செல்லப்பா என்பது தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை.

பிற்பாடு மெல்ல மெல்ல விளங்கியது. தோற்ற புதிதில் ஊர் முழுக்கச் செல்லப்பாவைத்தான் கடித்துக் குதறியிருக்கிறது. நோன்பு பிடித்தவன் குடித்தான், சரி. பிடிக்காதவனுக்கு என்ன அவசரம் என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்த ஹாஷிமை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்துதான் ஹாஷிம் அந்த அணியைப் புகழத் தொடங்கினார். அப்படி ஒரு அணி இந்தப் பக்கத்தில் வந்ததே இல்லை, இனி வரவும் வராது, அது ஆண்டவன் அழைப்புக்கு மட்டும்தான் தோற்றது என்று சொல்லிச் சொல்லி, ஊரின் வாயை அடைத்தார். கேட்கிறவர்களுக்கு அலுத்துப்போய், கோலை விட்டது யார் என்பதே மறந்துவிட்டது. செல்லப்பா பல்கலைக்கழகத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கொழும்பில். கம்பளையில் ஒரு வாடகை வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, தான் இருந்த அணியைப் பற்றி ஹாஷிம் பேசக் கேட்டுவிட்டுப் போவார். அந்த மனிதருக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த மரியாதை அந்தக் கடை மூலையில்தான் இருந்தது.

ஆகவே, இந்த ஆண்டு றிவர்சைட் பையன்கள் வெல்லத் தொடங்கியபோது ஊர் சந்தோஷப்பட்டது, ஹாஷிம் பயந்தார். இவர்கள் ஏறிவிட்டால், அவர்கள் ஏன் ஏறவில்லை என்ற கேள்வி மறுபடி எழும். அதற்கு விடை கடை மூலையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தது.

முப்பத்து மூன்று வருடத்தில் நோன்பு ஒரு சுற்றுச் சுற்றிவந்து அதே மாதத்தில் நிற்கும் என்பார்கள். நின்றது. கடைசிப் போட்டி மறுபடியும் நோன்பில். மறுபடியும் மாத்தளை அணி. மறுபடியும் சமநிலை போதும். பயிற்றுநர் றமணன் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெடியன், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், எதையும் முன்கூட்டியே யோசிக்கிற தொந்தரவான சுபாவம். பாங்குக்கு முன்பே முடிகிற மாதிரி ஆட்டத்தை வெயிலோடு தொடங்க ஏற்பாடு செய்தான். சிறப்பு விருந்தினரே வேண்டாம் என்றான். கழகத்தின் செயற்குழு மாலை வாங்கி வைத்துக்கொண்டு மனம் நொந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டம் முடியும்வரை மைதானத்தில் கஞ்சி கூடாது என்று அறிவித்தான்.

ஹாஷிம் கொதித்துப்போனார். கஞ்சிக்குத் தடை போடுகிற அணியும் ஒரு அணியா என்று றமணனைக் கடைக்கே கூப்பிட்டு விசாரித்தார். அவன் மூத்தவர்களை இந்த ஊர் அழைக்கிறபடி ‘நானா’ என்று அழைத்துப் பணிவாகத் தலையாட்டினான்.

“ஓம் நானா, கஞ்சி நல்லதுதான். விசில் ஊதினாப் பிறகு குடிப்பம். அதுவரைக்கும் வாளியள நீங்கதான் பாத்துக்கொள்ளவேணும். உங்களுக்குத்தான் அதின்ர பெறுமதி தெரியும்.”

பாராட்டா, குத்தலா என்று ஹாஷிமுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டார். அன்று வீட்டில் சாப்பிடாமல் படுத்தவரைப் பார்த்து மனைவி றலியா, அந்தப் பிள்ளைகள் தோற்க வேண்டும் என்றா துஆக் கேட்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஹாஷிம் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். இதை றலியாவே என் மனைவியிடம் சொன்னார்.

போட்டியன்று நானும் போனேன். எனக்குத் தெரிந்த ஒரே காட்சி, கோலுக்குப் பின்னால் கஞ்சி வாளி ஒன்றின் மூடிமேல் ஹாஷிம் உட்கார்ந்திருந்ததுதான். பக்கத்தில் செல்லப்பா. இருவரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோப்பைகளைத் துடைப்பதுபோலப் பாவனை செய்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஹாஷிமின் கழுத்து தானாகத் திரும்பி, வெட்கப்பட்டு, மறுபடி கோப்பைக்கு வந்தது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிகிற தறுவாயில் மாத்தளைக்குப் பெனால்டி கொடுத்தார்கள்.

எங்கள் கோல் கீப்பர் இப்ஹாம், ஹாஷிமின் தம்பி மகன். ஜெல் பூசிய தலைகளில் முதலாவது தலை; ஹாஷிமின் ஒப்பீட்டில் அதிகமாக அடி வாங்கிய தலையும் அதுதான். அவன் வலப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான். மைதானமே எழுந்து நின்றது. ஹாஷிமும் எழுந்து நின்றார். வாளி சாய்ந்து கஞ்சி அவர் சாரத்தில் ஊற்றியது. அவர் கவனிக்கவில்லை. கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் செல்லப்பா உட்கார்ந்தபடியே ஒரு கோப்பையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஆட்டம் சமநிலையில் முடிந்து றிவர்சைட் முதலாம் பிரிவுக்கு ஏறியது. அதன் பிறகு சந்தியில் எங்கே பார்த்தாலும் இப்ஹாமின் பாய்ச்சல்தான். ‘கீப்பர் என்றால் இவன்தான் கீப்பர்’ என்று சொன்னவர்கள், சொல்லிவிட்டுக் கடை மூலையை ஒரு பார்வை பார்த்தார்கள். செல்லப்பா பிளேன்டியைப் பாதியில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். ஹாஷிம் ஆணியும் கதவுப் பிணைச்சலும் விற்றார், ஒப்பிடவில்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக நான் பஸ்ஸுக்கு அமைதியாகக் காத்திருந்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் ஒரு செய்தி வந்தது. லீக்கை நடத்துகிறவர்கள் பிரிவுகளைத் திருத்தி அமைக்கப் போகிறார்களாம். அதன்படி இரண்டாம் பிரிவில் இருந்த எல்லா அணிகளும் முதலாம் பிரிவுக்கு ஏறுகின்றன. வென்றவனும் ஏறுகிறான், தோற்றவனும் ஏறுகிறான், கடைசியாக வந்தவனும் ஏறுகிறான். மாத்தளையும் ஏறுகிறது. உயிரைக் கொடுத்து அந்தப் பெனால்டியைத் தடுத்திருக்கவே தேவையில்லை. நம்முடைய நாட்டில் ஏணி கட்டுகிற முறை இது.

அன்று காலை செல்லப்பா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நான் உள்ளே நுழையும்போது ஹாஷிமின் மேசைக்கு முன்னால் நின்று, அவ்வளவு காலமும் தான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்தார். இவர்கள் ஏறவில்லை, சாக்கு மூட்டை மாதிரித் தூக்கி ஏற்றியிருக்கிறார்கள். நமது அணியோடு இதை எப்படி ஒப்பிட முடியும். இப்ஹாம் தடுத்தால் என்ன, தடுக்காவிட்டால் என்ன என்று அடுக்கினார். அவ்வளவும் ஹாஷிமின் வார்த்தைகள்தான். ஹாஷிம் ஒரு புன்சிரிப்போடு ஆமாம் என்றிருந்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். ஆனால் அந்த மனிதருக்கு அன்று பார்த்து நியாயம் பிறந்துவிட்டது.

“அந்தப் புள்ள பந்தப் பாத்துக்கொண்டு நிண்டான், செல்லப்பா. நீ கஞ்சியப் பாத்துக்கொண்டு நிண்ட.”

ஆணி வாங்க வந்தவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். செல்லப்பா தன் பிளேன்டிக் கோப்பையைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய், ஒழுகுகிற தரிப்பிடத்தில் நின்று பஸ் ஏறினார்.

அடுத்த நாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. தொலைபேசி அடித்தால் எடுக்கவில்லை. றலியா கடைக்கே வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றும் பாராமல் கணவனிடம் சொன்னார்.

“முப்பது வருஷம் பொய் சொல்லித் தூக்கி வெச்ச மனுஷன, ஒரே ஒரு உண்மையச் சொல்லி ஒடச்சிப் போட்டீங்களே.”

ஞாயிற்றுக்கிழமை ஹாஷிம் கடையைப் பூட்டினார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் கூப்பிட்டார். கையில் றலியா இனிப்பாகச் செய்து கொடுத்துவிட்ட வட்டலப்பம். கம்பளைக்குப் பஸ் ஏறினோம். எதிரே மஞ்சள் பூட்ஸைத் தோளில் தொங்கப் போட்டபடி ஒரு பையன் ஏறியபோதுகூட ஹாஷிம் ஒப்பிடத் தொடங்கவில்லை.

செல்லப்பா கதவைத் திறந்து, உள்ளே வாங்க சேர் என்று என்னை மட்டும் கூப்பிட்டார். ஹாஷிம் கூப்பிடாமலே வந்து, கட்டில் நுனியில் உட்கார்ந்தார். வட்டலப்பத்தை வைக்க இடம் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையில் உட்கார்ந்திருப்பவர்போல, என் பக்கம் திரும்பித் தொடங்கினார்.

“இப்ப பாருங்க சேர், ரெண்டு டீமையும் ஆளுக்கு ஆள் வெச்சுப் பாப்போம். கோல்லருந்து வருவோம். இப்ஹாம் ஒரு பெனால்டியத் தடுத்தான். ஒண்டே ஒண்டு. செல்லப்பா அந்த வருஷம் முழுக்கத் தடுத்தத யாரு எண்ணினாங்க? ரெண்டு பேரும் ஒரே கோல்ல நிண்டாங்களாம். ஒப்பிட ஏலுமா சேர் இத?”

இவ்வளவு மோசமாக அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒப்பிட ஏலாது என்று நானும் சொன்னேன். காற்பந்தைப் பற்றி நான் சொன்ன முதல் கருத்து அது.

செல்லப்பா சுவரில் சாய்ந்து ஹாஷிமைப் பார்த்தார்.

“நீ சொல்றது பொய்யின்னு எனக்குத் தெரியும் ஹாஷிம்,” என்றார். பிறகு ஹாஷிமின் மடியிலிருந்து வட்டலப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். “சரி, அடுத்த ஆளச் சொல்லு.”