நயினார் வீட்டுச் சாது ஓணான்

என் தம்பி தர்மேஷ் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கமிஷன் மண்டி வைத்திருக்கிறான். நாங்கள் நயினார்கள், இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாத பழக்கத்தையெல்லாம் வெளிநாடு போன அக்கா நான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டேன். அவன் எதையும் விடவில்லை. மூட்டையில் வண்டு தெரிந்தால் மற்ற மண்டிக்காரர்கள் மருந்து வைப்பார்கள். அவன் மூட்டையைப் பிரித்து வெயிலில் கொட்டி, வண்டுகள் தாமாக ஊர்ந்து போகும்வரை பக்கத்திலேயே நிற்பான்.

"நயினாரு பூச்சிக்கு டாட்டா காட்டிக்கினு நிக்கிறாரு" என்று சரக்குக் கொண்டுவரும் கெடார் கிராமத்துக்காரர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

இந்தக் கோடையில் நான் மெல்பர்னிலிருந்து வந்து தங்கியிருந்தபோது, அவனுடைய இரண்டு வயது மகள் ஆர்த்தி சுவரில் போன பல்லியைப் பிடித்துவிட்டாள். பல்லி தப்பிவிட்டது, வால் மட்டும் அவள் கையில் துடித்துக்கொண்டிருந்தது. அவள் அதை எல்லோரிடமும் காட்டிச் சிரித்தாள். தர்மேஷுக்கு முகம் செத்துவிட்டது.

"கொழந்ததானே, தெரியாம பண்ணிட்டா" என்றாள் அவன் மனைவி சுஷ்மா.

"தெரிய வெக்கணும் இல்ல? ஒரு பல்லியக் கையில வெச்சுத் தடவிக்கினு வளந்தா, நாளைக்கு வாலப் புடிச்சு இழுப்பாளா?" என்றான் தர்மேஷ்.

அப்படித்தான் பல்லி வளர்க்கும் பேச்சு வந்தது. கடிக்குமா, கிருமி ஒட்டுமா, குழந்தை விரலை வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் ஓயாமல் பயந்தேன். தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று மட்டும் சொல்லி வாக்கு வாங்கினேன்.

விழுப்புரத்தில் மீன் தொட்டியும் கூண்டுப் பறவையும் விற்கும் பிரான்சிஸின் கடைக்குப் போனோம். முதலில் அவர் பச்சை இகுவானா ஒன்றைக் காட்டினார்.

"இது சுத்த சைவம் சார்."

தர்மேஷ் ஆசையாகக் கை நீட்டினான்.

"ஆனா வளந்துச்சுன்னா உங்க ஒயரம் வரும். வாலால ஒரு போடு போட்டா பாப்பா தாங்காது."

கையை இழுத்துக்கொண்டான். அடுத்தது உடம்பெல்லாம் புள்ளி போட்ட சின்னப் பல்லி. ரொம்பச் சாதுவாம். ஆனால் பூச்சி தவிர வேறெதையும் தொடாதாம், வாலும் கழன்றுகொள்ளுமாம். கடைசியாக ஒரு குட்டித் தாடி ஓணானை எடுத்துத் தர்மேஷின் உள்ளங்கையில் வைத்தார். கழுத்தைச் சுற்றி முள்ளாக இருந்தது; தொட்டால் குத்தவில்லை.

"இது வாலை வுடாது சார். கையில வெச்சா அப்பிடியே ஒக்காந்துக்கும்."

"என்னா சாப்புடும்? நாங்க நயினாருங்க. வூட்ல பூச்சி கீச்சி வெக்க முடியாது."

பிரான்சிஸ் கொஞ்சம் தயங்கினார். "முருங்கக்கீரை, பூசணி, கேரட்டு எல்லாம் துன்னும் சார். வளந்துட்டா முக்காவாசி கீரைதான்."

"அப்ப இதான்" என்றான் தம்பி.

அந்த ஓணானின் பூர்வீகம் நான் வேலை பார்க்கும் நாடு. ஆனாலும் எனக்குக் கேட்கத் தோன்றியதெல்லாம் சோப்பைப் பற்றித்தான்.

வீட்டில் கண்ணாடித் தொட்டியும் சூட்டுக்கு விளக்கும் வைத்தான். காலையில் பூஜைக்குப் பூப் பறித்த கையோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டு வந்து போடுவான். ஓணான் அதை ஒரு வாய் கடிக்கும், பிறகு அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆர்த்தி அதன் முதுகை ஒரு விரலால் தடவக் கற்றுக்கொண்டாள். அவள் மடியில் வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். போகப் போக இன்னும் அடங்கியது. தொட்டியைத் திறந்து வைத்தாலும் வெளியே வரவில்லை.

"பாத்தீங்களா அண்ணி, நம்ம வூட்டுக் கொணம் இதுக்கும் வந்துட்டுது" என்று என்னிடம் சொன்னாள் சுஷ்மா.

எங்கள் தெருச் சமணக் கோயிலுக்கு வந்தவர்களெல்லாம் வீட்டுக்குள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மண்டிக்குப் பக்கத்துக் கடை விருத்தாசலம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "என்னாய்யா, ஓணானுக்கும் விரதம் எடுத்து வுட்டுட்டியா?" என்றார். தர்மேஷுக்குப் பெருமை தாங்கவில்லை. கையில் எடுத்து அவரிடம் கொடுத்தான். "எவ்ளோ சாது பாருங்க. ஒரு அசைவு இருக்குதா?"

ஒருநாள் காலை ஓணான் தலையைத் தூக்கவில்லை. பின்னங்கால் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு ஓடினோம். வழியெல்லாம் ஆர்த்தி அதன் வாயருகே ஒரு கீரை இணுக்கை நீட்டிக்கொண்டே வந்தாள்.

பிரான்சிஸ் வாங்கித் திருப்பிப் பார்த்தார். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு இருந்தது. "பூச்சி ஒண்ணுகூட போடலயா சார்?"

"நீங்கதானே கீரைன்னு சொன்னீங்க."

"வளந்ததுக்கு சார். இது குட்டி, பூச்சிலதான் வளரும்." அவர் குரல் இறங்கியது. "பூச்சின்னா வேணாம்னு பூடுவீங்கன்னு முழுசா சொல்லல. தப்பு என்னுதுதான்."

தர்மேஷ் அவரைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் ஓணானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இது சாது இல்லயா?"

"சாதுதான் சார். ஆனா இப்ப இருக்கிறது பசி."

பூச்சியை நசுக்கிக் கூழாக்கித்தான் ஊட்ட வேண்டும் என்றார். வீட்டில் செய்ய முடியுமா என்று கேட்டார். தர்மேஷ், "இங்கயே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். உள்ளே பிரான்சிஸ் பூச்சி டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றான்.

பேருந்தில் ஆர்த்தியை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "ஊரக் கூட்டிக் கூட்டிக் காட்டினேனேக்கா" என்றான். "அது செத்துக்கினு இருந்திருக்குது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் மெல்பர்ன் திரும்பிய பிறகு, பிரான்சிஸ் அனுப்பிய வீடியோவைத் தம்பி எனக்கு அனுப்பினான். மரக்கட்டைமேல் ஓணான் விருட்டென்று ஏறுகிறது, குதிக்கிறது, பூச்சியைப் பாய்ந்து பிடிக்கிறது. உடனே கூப்பிட்டேன்.

"பொழச்சுக்கிச்சே, தர்மேஷ்."

"ம். அது ஓடும்னே எனக்குத் தெரியாதுக்கா."

"ஆர்த்திக்குக் காட்டினியா?"



"காட்டினேன். ஓடுறதப் பாத்துக் கை தட்டுறா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பூச்சி வர்ற எடத்துல மட்டும் கையால மறைச்சுட்டேன். வேணும்னு இல்ல. கை தானாப் போவுது."