ஆள் எண்ண வந்த காலை

ரெங்கம் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கிராமம் அந்தக் கம்பம். சாலையோரம் மலாய்க்காரர் வீடுகள். தோட்டத்தை விட்டு வந்த நம் தமிழ் ஆட்களின் வீடுகள் செம்பனைக் காட்டை ஒட்டி. அங்கே ஓர் அக்கா வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். செம்பனைக் காய் வெட்டும் கூலி வேலைக்குப் போவேன். எந்த ஊரிலும் இரண்டு வருஷம் தங்காதவனுக்கு அங்கே மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் அக்கா என் அறைக்கு வந்தார்.

"தம்பி, கம்பத்துத் தலைவரு வீடு வீடா ஆள் எண்ணிக்கிட்டு வர்றாரு. எல்லாரு ஐசியும் பாக்கணுமாம்."

ஐசி என்கிற அடையாள அட்டை என்னிடம் கிடையாது. நான் பிறந்தபோது தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் புத்தகத்தில் என் பேரை எழுதினார். அத்தோடு பதிவு முடிந்தது என்று அப்பாவும் அம்மாவும் நம்பினார்கள். அவர்களுக்குத் தோட்டத்து ஆபீஸ்தான் அரசாங்கம். பிறப்புப் பத்திரம் எடுக்க டவுனுக்கு யாரும் போகவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். அப்பாவும் அம்மாவும் செத்துப்போனார்கள். தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டது, அங்கே இப்போது வீடுகள். அந்தப் புத்தகம் என்ன ஆனதோ.

குளுவாங் டவுன் பக்கம் என்னோடு காய் வெட்டிய ஒருவனிடமும் ஐசி இல்லை. வெளிநாட்டுக்காரன் என்று பிடித்துக் கொண்டுபோனார்கள். பிறகு நான் அவனைப் பார்க்கவே இல்லை.

இப்படிச் சேதி வந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதுதான் என் வழக்கம். ஆனால் ஐசிக்கு மனுப் போட, இந்த ஆள் இங்கேதான் இருக்கிறான் என்று ஊர்த் தலைவர் எழுதித் தர வேண்டும். ஓடி ஓடியே அந்தக் கடிதம் எனக்குக் கிடைக்காமல் போனது. வயது ஐம்பது தாண்டிவிட்டது.

யோசித்து முடிப்பதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. தலைவர் மலாய்க்காரர். கூட வந்தவர் கம்பத்துக் கமிட்டியில் இருக்கும் லோரிக்காரர், நம் ஆள்.

"அக்கா, வீட்டுல எத்தனை பேரு?" என்று லோரிக்காரர் கேட்டார்.

"நானும் பிள்ளைங்க ரெண்டு பேரும். மூணு."

"பின்னால ஆம்பள சட்டை காயுது. உங்க வீட்டுக்காரரு செத்துப் பத்து வருஷம் ஆச்சு. பேயா வந்து துவைச்சுப் போடுது?"

அக்கா எனக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார். நான் முன்னால் போனேன்.

"என் சட்டைதாங்க."

தலைவர் கையை நீட்டினார். ஐசி இல்லை, இங்கேதான் பிறந்தேன் என்று மலாயில் சொன்னேன். பேனா அப்படியே நின்றது.

"அலமாக்! நம்ம நாட்டு ஆளா நீங்க? எங்கிருந்தோ வந்து ஒளிஞ்சிருக்கீங்கன்னுல நெனச்சேன்," என்றார் லோரிக்காரர்.

தலைவர் சிரிக்கவில்லை. பேரையும் தோட்டத்தையும் எழுதிக்கொண்டார். கைப்பேசியில் என் முகத்தைப் படம் பிடித்தார். திங்கட்கிழமை கம்பத்து மண்டபத்துக்கு வா, கடிதம் தருகிறேன் என்றார். கடிதமா போலீஸா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏன் தம்பி வெளிய வந்த? என் தங்கச்சி புருஷன் சட்டைன்னு எதையாச்சும் சொல்லியிருப்பேன்ல," என்று அவர்கள் போனதும் அக்கா திட்டினார்.

திங்கட்கிழமை மண்டபத்துக்குப் போனேன். கடிதம்தான் கொடுத்தார். அதைக் குளுவாங் பதிவு ஆபீஸில் கொடுத்தபோது, விசாரிக்க வீட்டுக்கு ஆள் வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

இப்போது வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் அக்காவை விடாமல் நானே போகிறேன். அடுத்த பஸ் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.