மாசிப் பலகை

மருதமுனையில் நான் குடியிருந்த ஒழுங்கையில், அடுத்து என்ன நிறத்தில் சாரன் நெய்யப் போகிறார்கள் என்பதைப் பள்ளிவாசல் கிணற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஊறினால் சிவப்புக் கரை. நீலம் தட்டினால் நீலக் கட்டம். தொழுகைக்கு முன் ஒளு எடுக்க வருகிற பெரியவர்கள் வாளியை எட்டிப் பார்த்து, "இண்டைக்கிப் பச்சை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு முகம் கழுவுவார்கள். நானும் முதலில் அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன். அந்த வேடிக்கையை நிறுத்துவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது என்பது உறைக்கக் கொஞ்ச நாள் பிடித்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலைநாட்டில் ஒரு சிறு நகரத்திலிருந்து கல்முனைக்குச் சுற்றாடல் உத்தியோகத்தனாக வந்திருந்தேன். ஊருக்குப் போவதென்றால் வழியெல்லாம் சோதனைச் சாவடி. பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்க வேண்டும். ஒரு தடவை போய் வந்தால் அடுத்த தடவை போகும் ஆசையே விட்டுப்போய்விடும். உம்மாவின் கடிதங்கள் அவ்வளவு பிந்தி வரும். அவற்றில் எழுதியிருந்த காய்ச்சலெல்லாம் நான் வாசிக்கும்போது சுகமாகியிருக்கும். சுகமாகிவிட்டதா என்று கேட்டு நான் எழுதுகிற பதில் போய்ச் சேரும்போது வேறு காய்ச்சல் வந்திருக்கும்.

அலுவலகத்தில் எனக்கென்று அறை கிடையாது. நடைபாதையில் ஒரு மேசை போட்டுத் தந்திருந்தார்கள். காணிப் பிரச்சினைக்கு வருகிறவர்கள் குடையை அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே போவார்கள். சுற்றாடல் என்றால் மரம் நடுகிற வேலை என்று நினைத்து இரண்டு பேர் தென்னங்கன்று கேட்டும் வந்தார்கள். ஊரில் எல்லோரும் என்னைச் 'சேர்' என்றார்கள். கடையில் கதிரையைத் தூசி தட்டி, "இரிங்க சேர்" என்பார்கள். நான் உட்கார்ந்ததும் அதுவரை கதைத்துக்கொண்டிருந்த கதையை நிறுத்திவிடுவார்கள். தேத்தண்ணீரைச் சூட்டோடு விழுங்கிவிட்டு எழுந்து வருவேன். என் முதுகுக்குப் பின்னால் கதை மறுபடி தொடங்குவது கேட்கும். அவர்கள்மேல் பிழை இல்லை. ஆனாலும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

ஒரே ஒருவர்தான் என்னைத் 'தம்பி' என்றார். என் அறைக்குப் பக்கத்து வளவில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். முழங்கை வரைக்கும் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத நிறம் ஏறிய கைகள். முதல் நாள், அண்ணனைக் கூப்பிடுகிற எங்கள் ஊர் வழக்கப்படி அவரை "நானா" என்று கூப்பிட்டுவிட்டேன். சாயப் பானையைக் கிண்டிக்கொண்டிருந்த கோலை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"நானாவா? இஞ்ச காக்கா எண்டு சொல்லணும் தம்பி. நானா எண்டா ஆரெண்டு தேடுவாங்க."

அன்றிலிருந்து அவர் எனக்குக் காக்கா. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வரும்போது என் யன்னலுக்கு வெளியே ஒரு வெற்றுச் சாயப் பீப்பாயைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவார். அவர் வீட்டிலிருந்து இரண்டு கிளாஸ் பிளேன்டீ வரும். நூல் விலை, கடல் கொந்தளிப்பு, எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் கதைப்பார். நான் வாய் திறந்து பேசியதெல்லாம் அந்தப் பீப்பாய்க்கு முன்னால்தான். அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் அன்று கடற்கரைத் திடலில் தொழுகை முடிந்ததும் என்னை முதலில் தேடி வந்தார். என் வெள்ளைச் சட்டையில் சாயம் பட்டுவிடும் என்று கைகள் இரண்டையும் பறவை மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு மார்பால் மட்டும் அணைத்தார். காய்ந்த கையிலிருந்து சாயம் எங்கே ஒட்டப் போகிறது? இருந்தாலும் அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது.

அவருடைய கழிவு நீர்தான் பள்ளிக் கிணற்றுக்குப் போனது. வளவுக்குப் பின்னால் கான் ஒன்று வெட்டி விட்டிருந்தார். எல்லாம் கடற்கரை மணல். ஊற்றியது அப்படியே இறங்கி நேரே கிணற்றில் ஊறியது. புதிதாக வந்த மௌலவி ஒரு வெள்ளிக்கிழமை எழுந்து, நிறமோ சுவையோ மணமோ மாறிய தண்ணீரில் ஒளு கூடாது என்று சொன்னார். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தண்ணீர் தெளியும் வரைக்கும் சாயம் போடுவதை நிறுத்தும்படி பள்ளி நிர்வாகத்தார் அவரிடம் தன்மையாகக் கேட்டுக்கொண்டார்கள். முதல் வரிசையில் நின்று தொழுகிறவர் அவர். அன்றைக்கே அடுப்பை அணைத்தார்.

அந்த மாலை பிளேன்டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

"நான் நிப்பாட்டினா இந்த ஒழுங்கையில தறி எல்லாம் நூலில்லாமக் கிடக்கும் தம்பி. ஒங்கட கந்தோரில இதுக்கு ஒரு வழியும் இல்லையா?"

வழி இருந்தது. நான் வேலைக்கு வந்து முதன்முதலாக ஒருவர் என்னிடம் என் வேலையைக் கேட்டார். உற்சாகத்தில் எழுந்து நின்றே விளக்கினேன். கொழும்பில் ஒரு நிதியம் இருக்கிறது. எங்கோ ஒரு தோல் பதனிடும் ஆலை ஆற்றைக் கெடுத்ததற்குக் கட்டிய தண்டம், எங்கோ ஒரு இறப்பர்த் தொழிற்சாலை அனுமதிக்குக் கட்டிய கட்டணம், வெளிநாட்டுக் கடனில் ஒரு கிள்ளு, திறைசேரி மனது வைத்தால் தருகிற மிச்சம் எல்லாம் அதில் போய் விழும். சிறு தொழில் செய்கிறவர்கள் கழிவு நீரை வடிகட்டத் தொட்டி கட்டினால் அதிலிருந்து பாதிச் செலவு தருவார்கள். மற்றப் பாதி தொழில் செய்கிறவருடையது. கெடுத்தவரும் செலவழிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோட்பாடு.

காக்கா பீப்பாயை யன்னலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"அப்ப அங்க ஆத்தக் கெடுத்தவன்ட காசு, இஞ்ச எங்கட கிணத்தத் தெளிய வைக்க வருது?"

"ஓம் காக்கா."

"ஹலாலா தம்பி?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பயிற்சி தரப்படவில்லை. மௌலவியிடமே போய்க் கேட்டோம். அரசாங்கத்தின் கைக்கு வந்து பொதுக் காரியத்துக்குப் போகிற காசு, தாராளமாக எடுக்கலாம் என்றார். காக்காவின் முகம் தெளிந்தது. திரும்பி வரும்போது நான்தான், நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்ததை அன்றைக்கே சொன்னேன். நிதியம் தன் பங்கை இரண்டு தவணையாகத்தான் தரும். இரண்டாவது தவணை வேண்டுமென்றால் வாசலில் ஒரு பலகை மாட்ட வேண்டும். அதன் பக்கத்தில் உரிமையாளர் நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். பொதுப் பணம் எங்கே போனது என்று பொதுமக்களுக்குத் தெரியவேண்டுமாம்.

"பலகையில என்ன எழுதியிரிக்கும்?"

மாதிரி வாசகம் எனக்குப் பாடம். 'இவ்விடத்தில் நீரை மாசுபடுத்திவந்த சாயத் தொழிலுக்கான மாசுக் கட்டுப்பாட்டுத் தொட்டி.' சொன்னேன்.

அவர் நடுவழியில் நின்றுவிட்டார். "மாசெண்டா நஜீஸா?" மார்க்கப்படி தீட்டான அசுத்தத்தைத்தான் நஜீஸ் என்பார்கள்.

"இல்ல காக்கா. நஜீஸ் வேற, மாசு வேற. மௌலவியே நஜீஸ் எண்டு சொல்லல்லையே."

"ஒளு செல்லாமப் போன தண்ணிக்கு எந்தப் பேர் வெச்சா என்ன தம்பி? அத நான்தான் செஞ்ச எண்டு என்ட கடப்பில எழுதித் தூக்கணும்?" கடப்பு என்று அந்தப் பக்கத்தில் வாசலைச் சொல்வார்கள்.

கடைசியில் அவரே, "தொட்டியக் கட்டுவம். பலகையப் பொறகு பாப்பம்" என்றார்.

முதல் தவணையும் அவர் பங்கும் சேர்ந்து தொட்டி இடுப்பளவு எழும்பியது. பிறகு சீமெந்து முடிந்தது. இரண்டாவது தவணைக்குப் பலகை வேண்டும். பலகையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாயப் பானைகள் வெயிலில் காய்ந்து கிடந்தன. ஒழுங்கையில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அந்த அமைதியில் என் அறையில் இருக்கவே முடியவில்லை.

அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து அலுவலக லொறியில் பலகை வந்து இறங்கியது. சிங்களம் மேலே, தமிழ் நடுவில், ஆங்கிலம் கீழே. தமிழை வாசித்துவிட்டு, சரியாகத்தான் வாசித்தேனா என்று மறுபடி வாசித்தேன். 'நீரை மாசிபடுத்திவந்த சாயத் தொழிலுக்கான மாசிக் கட்டுப்பாட்டுத் தொட்டி.' எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வரைந்திருக்கிறார். உகரம் இகரமாகி, மாசு சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடாகிவிட்டது.

சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் காக்காவிடம் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். தோள் குலுங்கியது. பிறகு பீப்பாயில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"மாசிச் சம்பலுக்கும் கட்டுப்பாடு போட்டுட்டானுகளா தம்பி?"

"திருப்பி அனுப்பவா காக்கா?"

"வேணாம், வேணாம். இது நல்ல பலகை. இதக் கொழுவுவம்."

ஒழுங்கையே திரண்டு வந்து பார்த்தது. மாசி விலை ஏறப் போகிறதா என்று ஒரு மனிசி என்னிடம் விசாரித்தார். கல்முனையிலிருந்து ஸ்டூடியோக்காரர் வந்து படம் எடுத்தார். காக்கா பலகைக்குப் பக்கத்தில் பல் தெரிய நின்றார். படத்தைப் பார்த்த யாருக்கும் கொழும்பில் தமிழ் தெரியாதுபோல. காசு வந்தது. தொட்டி முடிந்தது, கூழாங்கல், மணல், கரி என்று அடுக்கடுக்காகப் போட்டு நிரப்பினோம். அடுப்பு மூண்டது. பள்ளிக் கிணறு மெல்ல மெல்லத் தெளிந்தது. என்னைக் கண்டால் "மாசிச் சேர்" என்று சிறுசுகள் கத்தினார்கள். கடையில் நான் உட்கார்ந்த பிறகும் கதை நிற்காமல் தொடர்ந்தது. என் வாழ்க்கையில் ஓர் எழுத்துப் பிழைக்கு இவ்வளவு நன்றி சொன்னது அப்போதுதான்.

தண்ணீர் தெளிந்ததைக் கண்டு, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் சாயம் போடுகிற வேறு நாலைந்து பேரும் தொட்டிக்கு விண்ணப்பித்தார்கள். விண்ணப்பங்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். காசுக்குப் பதிலாக ஒரு புதுப் பலகை வந்தது. தலைமையகத்துக்குப் புதிதாக வந்த யாரோ, தமிழ் தெரிந்தவர், பழைய படத்தைப் பார்த்திருக்கிறார். பிழைக்கு வருந்துவதாகவும், திருத்திய பலகையோடு உரிமையாளரின் படம் வரும் வரைக்கும் இந்தப் பகுதி விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்படுவதாகவும் சொன்னார்கள். நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். தமிழுக்காகச் சண்டை பிடித்திருப்பார். அவரை நான் மனதாரச் சபித்தேன்.

தொலைபேசியில் கெஞ்சிப் பார்த்தேன். வாசகத்தை வேறு மாதிரி எழுதலாமே, தொழிலைக் குறிப்பிடாமல் விடலாமே என்றேன். நாடு முழுவதற்கும் ஒரே வாசகம்தான் என்றார்கள்.

பலகையைக் காக்காவிடம் கொண்டுபோகாமல் என் அறைச் சுவரோடு திருப்பிச் சாய்த்து வைத்தேன். யன்னலால் கண்டுவிட்டார்.

"அதென்ன தம்பி?"

சொன்னேன். மற்றவர்களின் விண்ணப்பங்கள் நிற்பதையும் சொன்னேன். "விடுங்க காக்கா. நான் வேற வழி பார்க்கிறேன். எப்படியும் ஒரு வழி வரும்."

"வராது" என்றார். பலகையைத் திருப்பி முழுவதையும் வாசித்தார். இந்தத் தடவை எழுத்துக் கூட்டவில்லை. "மத்தவன்ட தொட்டி என்ட வெக்கத்துக்காக ஏன் கிடக்கணும்? ஆணி இரிக்கா?"

அவரே தூக்கிக்கொண்டு போனார். நான் பிடிக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். மாசிப் பலகையைக் கழற்றிவிட்டு அதே துளைகளில் புதியதை அறைந்தார். ஸ்டூடியோக்காரர் திரும்பவும் வந்தார். "கொஞ்சம் சிரிங்க காக்கா" என்றார். காக்கா கமராவைப் பார்க்காமல் ஒழுங்கை முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே எடுத்தார்கள்.

மற்றவர்களுக்குக் காசு வந்தது. தொட்டிகள் எழுந்தன. என் வேலைக் காலத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதற்காக அலுவலகத்தில் எனக்கு உள்ளே ஓர் இடமும் தந்தார்கள்.

அதன் பிறகு அவர் தன் வாசலால் போய்வருவதை விட்டுவிட்டார். பின் வேலியில் ஒரு தட்டியைப் பிரித்து வழி வைத்து, பின் ஒழுங்கையால் பள்ளிக்குப் போனார். என் யன்னல் முன் ஒழுங்கையில்தான் இருந்தது. என்னோடு கோபமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். கோபம் இல்லை. ஒருநாள் நானே அவர் வளவுக்குப் போனேன். கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். பிளேன்டீ தந்தார். அவரும் நானும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மழை வரும்போல என்றேன். ஓம் என்றார். 'மாசு' என்ற அந்தச் சொல்லை அந்த ஊரில் அவருக்கு முதலில் சொன்னவன் நான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் முகத்தைப் பார்த்தால் அது நினைவு வராமல் என்ன செய்யும்? பிறகு நான் போகவில்லை. பீப்பாய் யன்னலடியில் கிடந்து மழைத் தண்ணீர் பிடித்தது.

அடுத்த நோன்புப் பெருநாள் வந்தது. பள்ளிக் கிணற்றில் ஒளு எடுத்தேன். அடி மணல் தெரிந்தது. திடலில் தொழுகை முடிந்ததும் காக்கா வரிசையாக ஒவ்வொருவரையும் அணைத்துக்கொண்டு வந்தார். நான் புதுச் சட்டையோடு நின்றேன். என்னிடம் வந்ததும் கையை நீட்டினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி இப்ப நல்லாத் தெளிஞ்சிரிக்கி, சேர்" என்றார்.

பிறகு எனக்கு அடுத்து நின்றவரைக் கட்டி அணைத்தார்.