மூக்குக்கண்ணாடியில் விழுந்த வெளிச்சம்

சின்ன வயதில் அம்மை வந்து இறங்கியபோது எனக்கு இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. கருவிழியை வெள்ளை மூடிவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. வளர்ந்த பிறகு வலது கண்ணுக்கும் பவர் வேண்டும் என்று டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை, சந்தோஷம்தான் பட்டார்கள். கண்ணாடி போட்டால் பூ அவ்வளவாகத் தெரியாதல்லவா.

பழனியில் அப்பா இறந்த பிறகு அண்ணன் கொடைக்கானலில் ஸ்டூடியோ வைத்தார். அம்மாவும் நானும் அவரோடு மலையேறினோம். ஐம்பதுகளின் கடைசி அது. அண்ணன் சீசனில் ஏரிக்கரையில் நின்று படம் எடுப்பார். நான் உள்ளே பிரிண்டுகளை அலசி, காயவைத்து, ஓரம் வெட்டுவேன். யாராவது படம் எடுக்க வந்தால் பின்னறைக்குப் போய்விடுவேன். போ என்று யாரும் சொன்னதில்லை. நானாகப் போய்விடுவேன்.

அந்த வருஷம் சாரல் விடவே இல்லை. லென்ஸ் மேல் துளி விழும், அண்ணன் துண்டால் துடைப்பார், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். கடைசியில் லென்சுக்குக் காவலாக ஒரு ஃபில்டர் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். என் கண்ணாடியும் உடைந்து கிடந்தது. இரண்டு வேலையையும் ஒன்றாக முடிக்க மதுரைக்குப் போனோம். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணன் பின்னால் கேமரா கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். "கொடைக்கானல்னா யூ.வி. போட்டுருங்க. தூரத்து மலை புகைஞ்சாப்ல விழறது கொஞ்சம் கொறையும். சாரல் அடிச்சாலும் இது மேலதான் அடிக்கும், லென்சுல படாது. ஒருக்கா மாட்டிட்டா கழட்டவே வேண்டாம்" என்றார்.

அண்ணன் அதை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வளையம் தன் லென்சில் சரியாக ஏறுகிறதா என்று திருகிப் பார்த்தார். திருப்திதான்.

"அப்புறம் இதைப் பாருங்க. போலரைஸர்." கொஞ்சம் கறுத்த கண்ணாடி. முன் வளையம் தனியாகச் சுற்றியது. "தண்ணி மேல, கண்ணாடி மேல அடிக்கிற பளபளப்பை எடுத்துரும். ஏரியில படகு எடுக்கீங்கள்ல?"

"லைட்டைக் குடிக்குமேங்க. எங்க ஊர்ல மஞ்சு எறங்குனா இருக்கதே கொஞ்சம்."

"குடிக்கும், இல்லேங்கல. வெயில் இருக்கப்ப போடுங்க. கண்ணால பாத்தாத்தான் தெரியும்." எதைக் காட்டலாம் என்று கடைக்காரர் சுற்றிலும் தேடினார். அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். "இந்தா, பாப்பா கண்ணாடியில வாசல் வெளிச்சம் அடிக்கில்ல? அதைப் பாத்துக்கிட்டே சுத்துங்க."

அண்ணன் அதைக் கண்ணில் வைத்துச் சுற்றினார். சட்டென்று கை நின்றது. கீழே இறக்கிவிட்டார்.

"தெரியலையா?" என்று கடைக்காரர் அதை வாங்கித் தானே பார்த்தார். "அட, சுத்தமா எடுத்துருச்சே…" என்று தொடங்கியவர், குரலைத் தாழ்த்தி, "கண்ணுல பூவாம்மா?" என்றார்.

அப்படியும் கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அந்த இடத்திலேயே மறைந்துபோகமாட்டோமா என்றிருந்தது. ஆனால் என் மனதில் தங்கியது அவர்கள் பார்த்தது அல்ல. அண்ணனின் காது சிவந்துபோயிருந்தது. என்னால் அவருக்கு அவமானம் என்று முதல் தடவையாக அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பேரம் பேசாமல் இரண்டையும் வாங்கிக்கொண்டு, "வெரசா வா, பஸ் போயிரும்" என்று வெளியே நடந்தார்.

அடுத்த தை மாதம் வத்தலக்குண்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. முதலில் போட்டோ கேட்டார்கள்.

"ஏப்பா, கண்ணாடியில வெளிச்சம் விழறாப்ல எடுத்துரு" என்றாள் அம்மா. அண்ணன் என்னை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பி உட்கார வைத்தார். போலரைஸர் அதன் பெட்டியில் மேசைமேல் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பிரிண்டில் இடது கண் இருந்த இடத்தில் ஜன்னல் வெள்ளையாக விழுந்திருந்தது. அழகாகத்தான் இருந்தேன். அது நான் இல்லை என்று தெரிந்தும் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

போட்டோ பிடித்துப்போய், மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் நேரில் வந்தார்கள். நல்ல குளிர். நான் குனிந்தபடி காப்பித் தட்டோடு வந்தேன். டம்ளர்களிலிருந்து எழும்பிய ஆவி கண்ணாடியில் படிந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. நடு அறையில் நின்றுவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்து தட்டை வாங்கினார்.

"காப்பி கொட்டிறப் போகுது தாயி. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்க" என்றார். பிரியமாகத்தான் சொன்னார்.

கழற்றாமல் என்ன செய்ய? கழற்றினேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "போட்டோவுல தெரியலையே" என்றார், தனக்குள் சொல்வதுபோல.

"சின்னதுல அம்மை போட்டுச்சுங்க" என்றாள் அம்மா.

"அம்மை யாருக்குத்தான் போடல? மொதல்லயே சொல்லியிருக்கலாம்லங்க."

மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த ஏரிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு, மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. "நாந்தான் அப்பிடி உக்கார வச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து, நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் அவரிடம் போய் நின்றேன். "அண்ணே, அந்த போலரைஸரைப் போட்டு என்னை ஒரு படம் எடு."

"வேண்டாந் தாயி."

"இன்னொருத்தர் வந்து காப்பியைக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போறதை என்னால பாக்க முடியாதுண்ணே. படத்துல பூவைப் பாத்துட்டு வரமாட்டேன்னா அங்கனயே இருந்துக்கிறட்டும்."

அவர் மாட்டினார். கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே வளையத்தைச் சுற்றினார், நிறுத்தினார், திரும்பச் சுற்றினார். வெளிச்சம் குறைவதால் கூடுதல் நேரம் அசையாமல் இருக்க வேண்டும். "மூச்சைப் பிடிச்சுக்க" என்றார்.

அந்தப் பிரிண்டையும் நான்தான் அலசினேன். தண்ணீருக்குள் என் முகம் மிதந்தது. இரண்டு கண்ணும் தெளிவாக இருந்தன, பூவும் தெளிவாக இருந்தது. கடைவீதியில் துணியில்லாமல் நிற்பது போலக் கூசிப்போய்ப் படத்தைக் கவிழ்த்துப் போட்டேன். தைரியமாகக் கேட்டது நான்தான். ஆனால் அந்தத் தைரியம் படம் வரும்வரைகூட நிற்கவில்லை. விரல் விறைக்கும்வரை தண்ணீரில் கையை வைத்திருந்துவிட்டு, பிறகு எடுத்துக் காயப்போட்டேன்.

"இதையா அனுப்பப் போறீக?" என்று அம்மா அழுதாள். அனுப்பினோம். போன இடங்களிலிருந்து படம் திரும்பி வந்தது. தபால் வரும்போதெல்லாம் நான் பின்னறைக்குப் போய்விடுவேன்.

பண்ணைக்காடு ஊரிலிருந்து மட்டும் படம் திரும்பவில்லை. தோட்டத்தில் காப்பியும் மிளகும் போட்டிருந்த மாப்பிள்ளையே தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் பழைய பயத்தில் அவசரமாகச் சொன்னார்: "தங்கச்சிக்கு இடது கண்ணுல…"

"படத்தைப் பாத்துட்டுத்தாங்க வந்திருக்கேன்" என்றார் அவர். "மேல பேசுவோம்."

கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வெட்கம்தான். முன்பின் தெரியாத ஒருவர் என் முகத்தை வீட்டில் வைத்து, வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறார் என்ற கூச்சம். கூப்பிட்டார்கள், போனேன். அவருடைய அக்கா என்னவோ கேட்டார், தலையாட்டினேன். அவர்கள் கிளம்பும்வரை நான் நிமிரவே இல்லை. அவருடைய செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்தான் எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தது கல்யாணத்தன்றுதான்.