துண்டில் சுற்றிய துப்பாக்கி

மகனின் பொட்டுவெடித் துப்பாக்கியிலிருந்து இன்று கிளம்பிய கந்தக நெடி, நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த, இப்போது இடிந்தே போன மாட்டுக்கொட்டகைக்குள் என்னை இழுத்துப்போனது. ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பாவும் கூட்டாளிகளும் அங்கே கூடி, வெடிமருந்துப் பை பக்கத்தில் கிடக்க, லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்குத் தேங்காயெண்ணெய் தடவி, ஒருவர் மடியிலிருந்து ஒருவர் வாங்கிக் கொஞ்சுவார்கள்.

"கொழலு எப்டி வழவழன்னு இருக்குது பாருங்க மாமா!" என்பார் கூட்டாளி ஒருவர் அப்பாவிடம்.

"இதுல எதயாச்சும் சுட்டீங்களாப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சுடறதா? மனசு வருமா பாப்பா?" என்றார் அப்பா. என் தலையை ஒருநாளும் தடவாத கை, குழலைத் தடவிக்கொண்டே இருந்தது.

துப்பாக்கிகளை ஒப்படைக்கப் போலீஸ் சொன்னபோது, ஊராரைப்போல அவரும் யாருடையது என்று தெரியாதபடி இரவில் அதைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். போலீஸ் நேரே எங்கள் வீட்டுக்கே வந்தது. துப்பாக்கியைச் சுற்றியிருந்தது, அம்மா என் பெயரைப் பின்னி, பிறந்த குழந்தையாக என்னைப் பொதிந்திருந்த துண்டு. அப்பா அதை அத்தனை வருடம் பத்திரப்படுத்தியது எனக்காகவா, துப்பாக்கிக்காகவா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.