கிண்டிய மண்ணில் வரும் பூ

சிவாஜினி, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மெரிலேண்ட்ஸில், எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அதிகம் பேசமாட்டாள்; அவளுக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

போன வருடம் என் பின்வளவில் குழாய் உடைந்து, ஆட்கள் வந்து நீளமாகக் கிண்டி மூடிவிட்டுப் போனார்கள். மழைக்குப் பிறகு அந்த இடத்தில் மட்டும் காட்டுச் சூரியகாந்தி ஆளுயரம் எழும்பி, ஏப்ரலில் மஞ்சளாகப் பூத்தது. எனக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது. “இங்க யாரு தோண்டுனது, அக்கா?” என்றாள். ஆளொன்றைப் புதைத்திருக்கிறேன் என்று பகிடி விட்டேன். இந்த வாயை என்ன செய்வது!

அவள் அப்படியே படியில் குந்தினாள். பிறகு சொன்னாள். ஊரில் அந்தச் செடி தெருவோரம், ஆற்றங்கரை, மண் சரிந்த இடங்களில் வருமாம். நிழலில் வராது. வெயிலும் கிளறிய மண்ணும்தான் வேண்டும். எண்பத்தொன்பதில், இளைஞர்களைப் பிடித்துக் காணாமலாக்கிய காலத்தில், அவளுடைய அண்ணனை வாகனத்தில் வந்தவர்கள் கொண்டுபோனார்கள். அடுத்த வருடம் ரோட்டுக்குக் கீழே, மானாப் புல்லுக்கு நடுவில், ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு மட்டும் அந்தப் பூ. அம்மாவுக்கு விளங்கிவிட்டது. மேலே ரோட்டில் துவக்கோடு காவல் நின்றவர்களுக்குப் பயந்து தோண்டவில்லை. விறகுக்குப் போகும்போதெல்லாம் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாளாம். அவனை எடுத்து ஒழுங்காக அடக்கம் செய் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

பயந்தது போதும், போடி என்று நான்தான் நச்சரித்தேன். இடத்தைச் சரியாகக் காட்டினால் கோர்ட்டில் கேட்டுத் தோண்டலாம் என்று அங்கே ஒரு வக்கீலும் சொல்லியிருந்தார். மார்கழி லீவில் போனாள்.

திரும்பி வந்தவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். தோட்டத்தைக் கைவிட்டு வருடக்கணக்காகிவிட்டதாம். ரோட்டை அகலமாக்க மலையை வெட்டி, மண்ணைச் சரிவெல்லாம் கொட்டியிருக்கிறார்கள். வக்கீல் பக்கத்தில் நின்று, கையை நீட்டிக் காட்டுங்கள் என்றாராம்.

“எங்க பாத்தாலும் அந்தப் பூதான், அக்கா. மலை முழுக்க மஞ்சள். எந்த எடத்த நான் காட்டுறது?”

அவள் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து பின்வளவுக்குப் போனாள். அந்தச் செடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேலைக்குப் போனாள்.