கூட்டாளிக்காகப் போன கூட்டம்

மச்சாளின் மகளுடைய கல்யாணத்தில் நான் இரங்கலுரை ஆற்றிய பிறகுதான் குடியை விடவேண்டும் என்று முதன்முதலாக யோசித்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ செத்தவீடோ, மைக் என் கைக்கு வந்துவிடும். கந்தோரில் நான் கோப்புகளோடு மாரடிக்கிற சாதாரண எழுதுவினைஞன். மேடையில் ஏறினால்தான் ஆள். அன்று கொக்கட்டிச்சோலையில் கல்யாணம். பகல் பதினொரு மணிக்கே மண்டபத்துக்குப் பின்னால் நின்ற வான் வண்டிக்குள் மூன்று கிளாஸ் இறக்கியிருந்தேன். மேடையேறி, மணமக்களைப் பார்த்துக் கண்கலங்கி, "பிரிவால் துயருறும் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று முடித்தேன். சபையோரை எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தவும் கேட்டேன். பழக்கதோஷத்தில் சிலர் எழுந்தும் விட்டார்கள்.

மனைவி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள்.

"நான் செத்தா என்ட செத்தவீட்டில நீங்க பேசப்படாது. இப்பவே சொல்லிட்டன்."

சிரிப்பு வந்தது. பிறகுதான் அவள் அழுவதைக் கண்டேன். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த தாதி ஒரு கடதாசித் துண்டில் தொலைபேசி இலக்கம் எழுதித் தந்தார். "குடிய விட்ட ஆக்கள் சேந்து நடத்திற கூட்டம். எடுத்துக் கதைங்க."

அந்தத் துண்டு இரண்டு கிழமை என் சேர்ட் பையில் கிடந்தது. ஒருநாள் கந்தோர் சைக்கிள் கொட்டிலுக்குள் நின்று அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். கனத்த ஆண்குரல் கேட்டது.

"கூட்டம் ஒண்டு நடக்குதாமே?"

"ஓம். ஆருக்கு, உங்களுக்கா?"

"சீ, எனக்கில்ல. என்ட கூட்டாளி ஒராள். அவருக்குக் கொஞ்சம் கூடிட்டு."

"அப்ப அவர எடுக்கச் சொல்லுங்க."

"அவருக்கு வெக்கம்."

"சரி, சனிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டிட்டு வாங்க," என்று அந்தக் குரல் ஒரு தேவாலயத்தின் இடத்தைச் சொன்னது.

சனிக்கிழமை மோட்டார் சைக்கிளை இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் விட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தேவாலய வளவில் ஒரு அம்மா சருகு கூட்டிக்கொண்டிருந்தார். "இஞ்ச ஒரு கூட்டம்..." என்று இழுத்தேன்.

"குடிகாரக் கூட்டமா மனே? அந்தா, கடைசி அறை!" என்றார். பின்பக்கத்து வாவிக்கு அக்கரையில் வலை வீசியவர்களுக்கும் அது கேட்டிருக்கும்.

அது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் அறை. இருந்ததெல்லாம் பிள்ளைகளின் கதிரைகள். ஏழு பெரிய மனிதர்கள் முழங்கால் நாடியில் முட்ட வட்டமாக இருந்தார்கள். தொலைபேசியில் பேசியவர் ஒரு பஸ் சாரதி. குரலைக் கேட்டுப் பெரிய உருவமாக எண்ணியிருந்தேன். ஆள் ஈர்க்கில் மாதிரி இருந்தார்.

"கூட்டாளி எங்க?"

"கடைசி நேரத்தில வரமாட்டன் எண்டிட்டார்."

"பரவாயில்ல. நீங்க கேட்டுட்டுப் போய் அவருக்குச் சொல்லுங்க. ஹெல்மெட்டக் கழட்டினா நல்லாக் கேக்கும்."

கழற்றினேன்.

முதலில் ஒரு மேசன் பேசினார். குடிவெறியில் ஒரு சமையல் குசினிக்கு வாசலே வைக்காமல் நாலு சுவரையும் எழுப்பி, உள்ளேயே மாட்டிக்கொண்டாராம். எல்லோரும் சிரித்தோம். பகல் சாப்பாடு கொண்டுவந்த மகள், சுவருக்கு வெளியே சோற்றுப் பார்சலோடு அழுதுகொண்டு நின்றதைச் சொல்லவந்தபோது அவர் நிறுத்தி, சேர்ட் கையால் முகத்தைத் துடைத்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

என் முறை வந்தது. வழக்கம்போல் எழுந்தேன், கதிரையும் இடுப்போடு சேர்ந்து எழுந்தது. "பெருமதிப்புக்குரிய அவையோரே..."

"இருந்து கதைங்க தம்பி," என்றார் சாரதி.

இருந்தேன். கூட்டாளியின் கதையைச் சொன்னேன். நல்ல மனிசன், திறமான பேச்சாளன், தண்ணிப் போத்தலுக்குள் சாராயம் ஊற்றிக் கந்தோருக்குக் கொண்டுபோகிறவன் என்றேன். கல்யாணத்தில் நடந்ததையும் சொன்னேன். கதை நன்றாகத்தான் போனது. "இப்ப அவர் வீட்ட போனா, என்ட மனிசி அவர்ட முகத்தப் பாக்கிறல்ல," என்றேன்.



"உங்கட மனிசியா?" என்றார் சாரதி.

ஹெல்மெட்டைத் திரும்பவும் போடலாமா என்று பார்த்தேன். மேசன் மெல்லத் தொண்டையைச் செருமினார். "தம்பி, அந்தக் கலியாணத்துக்கு நானும் வந்த. நீங்க சொன்னெண்டு எழும்பி நிண்ட ஆளில நானும் ஒராள். எனக்கும் அண்டைக்கு நல்ல வெறி."

முதலில் சிரித்தது நான்தான். சிரிக்கச் சிரிக்க அது அழுகையாக மாறியது. இருபது வருடம் மேடையேறியவனுக்கு அன்று ஒரு வசனம்தான் வந்தது: "எனக்குத்தான். நிப்பாட்ட ஏலாம இரிக்கி."

யாரும் கைதட்டவில்லை. மேசன் என் கையில் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்தார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். "என்ன சொன்னாங்க?"

"வாற கிழமையும் வரச் சொன்னாங்க."

"போவீங்களா?"

"ஓம்."

அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்கே, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிய என் சேர்ட் கட்டிலில் கிடந்தது.

அதற்குப் பிறகு இரண்டு தடவை சறுக்கினேன். இரண்டு தடவையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனேன். ஒருவரும் பிரசங்கம் வைக்கவில்லை. இப்போது குடிக்காமல் ஒன்றரை வருடம் ஆகிறது. பின்னேரம் ஆறு மணி மட்டும் இன்னும் பாடாய்ப் படுத்துகிறது. அந்த நேரத்தில் மனைவியும் நானும் வாவிக்கரையில் நடக்கப் போகிறோம். நடப்பது அவள்தான். நான் பின்னால் ஓடுகிறேன்.